ஒரு ஏக்கர் முப்பது சென்ட்

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் போகச் செருப்பைக் கழற்றிய தலைமுறை இது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் உங்களில் ஐம்பதைத் தொட்டவர்களுக்கு அந்த வாசலும், வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த ரப்பர் செருப்புகளும், காலடி வைத்ததும் உள்ளங்காலில் ஏறிய ஏ.சி. குளிரும், ரெக்சின் உறையை இரண்டு கையாலும் எடுத்து மடித்து வைத்த பிறகே மெஷினின் பொத்தானைத் தொட்ட பயபக்தியும் கட்டாயம் நினைவிருக்கும். அந்த ஏ.சி. நமக்காகப் போட்டதல்ல, மெஷினுக்காகப் போட்டது. மே மாதத்து மெட்ராஸில் நாங்கள் ராத்திரி பகலாக ஆய்வகத்திலேயே கிடந்ததற்கு ஆராய்ச்சி ஆர்வம் எவ்வளவு காரணம், அந்தக் குளிர் எவ்வளவு காரணம் என்று இத்தனை வருஷம் கழித்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1991 வாக்கில் ராஜபாளையத்தில் திருவள்ளுவர் பஸ் ஏறி, மறுநாள் காலை கழுத்து வலியோடு மெட்ராஸில் இறங்கி, ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் புரோகிராம் எழுதும் ஆளாகச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அந்தக் காலத்து ஆய்வகங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. ஆர்டரில் ‘புராஜெக்ட் அசிஸ்டெண்ட்’ என்று இருந்தது. பேராசிரியர்கள் கட்டுரை எழுதினார்கள், ஆய்வு மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள், நான் இரண்டு தரப்புக்கும் புரோகிராம் எழுதினேன். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், ஜீப் ஓட்டியவருக்குக் கீழே, டைப் அடித்துக் கொடுத்தவருக்கு மேலே என் பெயர் வரும். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கு அனுப்புவேன். ஊரில் யாரோ அதை வைத்து என்னைச் ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள், நான் மறுக்கவில்லை. மறுக்காததோடு, பொங்கலுக்கு ஊர் போகும்போது சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு போகிற அளவுக்கு அந்தப் பட்டத்துக்கு ஒத்துழைப்பும் கொடுத்தேன்.

வேலை இதுதான். 1988 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போன நம்முடைய ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள், 22 நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்ப வந்து பூமியைப் படம் எடுக்கும். அந்தப் படம் ஐதராபாத் பாலாநகரில் இருந்த தேசியத் தொலையுணர்வு முகமையிலிருந்து காந்த நாடாச் சுருளாக எங்களுக்கு வரும். வரும் என்றால் தானாக வராது. யாராவது ஒருவர் சார்மினார் எக்ஸ்பிரஸில் போய், கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். அதிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் எது காடு, எது தோப்பு, எது பாறை, எது தண்ணீர் என்று கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்லும்படி புரோகிராம் எழுத வேண்டும். எங்களுக்குக் கிடைத்த துண்டில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும், இரண்டுக்கும் மேற்கே எழுந்து நிற்கும் மலையும் இருந்தன. அதனால் அந்தத் துண்டு இயல்பாக என் தலையில் விழுந்தது. சொந்த ஊர்க்காரன் என்றால் தங்குமிடப் படி கொடுக்க வேண்டியதில்லை என்கிற நிர்வாகக் காரணமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

அந்தச் செயற்கைக்கோளின் ஒரு கேமராவுக்குத் தரையில் 72.5 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள இடம் ஒரு புள்ளி. அதற்குள் என்ன இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எண். நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன்: ஒரு ஏக்கர் முப்பது சென்ட். ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு மாட்டுக் கொட்டகை, வரப்புத் தகராறு உள்பட ஒரு சின்ன சம்சாரியின் மொத்த வாழ்க்கையும் அடங்கிவிடுகிற பரப்பு. மலையடிவாரத்து அய்யனார் கோவிலைத் தேடினேன். தெரியவில்லை. கோவிலும் அதன் மரங்களும் ஆறும் பாறையும் குளிக்கிற ஜனங்களும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் கரைந்து, வெறும் எண்ணாக இருந்தார்கள். நீர்காத்த அய்யனார் என்று பெயர். விண்வெளியிலிருந்து பார்த்தால் அவர் காத்த நீர் கூடத் தட்டுப்படவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரு 386. கணக்குப் போடுகிற துணைச் சில்லு அதில் கிடையாது. அதற்கு மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொடுத்திருந்தோம், அந்த ஃபைல் நான்காவது மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் 40 மெகாபைட். நாலு பட்டையும் சேர்ந்த ஒரு முழுப் படமே பதினாறு மெகாபைட்டைத் தாண்டும். டாஸ் கொடுக்கிற நினைவகம் 640 கிலோபைட். அதனால் மலையை மொத்தமாக உள்ளே கூப்பிட முடியாது. ஒரு வரி படித்து, கணக்குப் போட்டு, எழுதி வைத்துவிட்டு, மறந்துவிட்டு, அடுத்த வரியைக் கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட விட்டால் விடிகிறபோது முடியும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். 1973ல் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு வந்த ஐ.பி.எம். 370/155ல் துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் பதிலுக்குக் காத்திருந்தவர். “உங்களுக்கென்னய்யா, ஸ்கிரீன் இருக்கு, தப்பு உடனே தெரிஞ்சுடுது. எங்களுக்கு ஒரு கமா விட்டுப்போனா ஒரு நாள் போச்சு” என்பார். பின்னால் வந்தவர்களிடம் நான் இதே குரலில் பேசப்போகிறேன் என்று அப்போது தெரியாமல், மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் எத்தனையாவது வரி நடக்கிறது என்று ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. ஆகவே வாட்ச்மேனோடு அரசியல் பேசுவோம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நாலு கதை நடக்கும், இயந்திரவியல் துறையில் இதேபோல எதையோ ஓட விட்டுவிட்டு அலைகிற இரண்டு பேர் வந்து சேர்வார்கள், அவர்களில் ஒருவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு சமன்பாடு வைத்திருப்பார், டீ மாஸ்டர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு “சார், பாக்கி பதினாலு ரூபா” என்பார். எனக்குத் தெரிந்த சங்கீதம், சினிமா, சோவியத் யூனியன் உடைந்த காரணம், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரின் மந்தத்தில் கற்றவை. மெஷின் வேகமாக இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாக இருந்திருப்பேன்.

விடிகாலையில் விடை வந்திருக்கும். ஒருநாள் வந்த விடையில், மலையின் அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவு முழுக்க ஏரியும் குளமுமாகக் கிடந்தது. செயற்கைக்கோள் படமெடுப்பது காலை பத்தரை மணி வாக்கில். வெயில் கிழக்கே இருந்து விழும். நம் பக்கத்துச் சரிவு வெளிச்சத்திலும் மேற்குச் சரிவு நிழலிலும் இருக்கும். மலை நிழலும் தண்ணீரும் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். இந்தத் துறையில் எல்லோரும் மோதிக்கொள்கிற பழைய சுவர் இது. மலைக்கு இந்தப் பக்கம் கண்மாய்கள் காய்ந்து கிடக்க, தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் என்று எங்கள் காமராஜர் மாவட்டத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லும் புகாரை, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு சி மொழியில் எழுதிய என் புரோகிராமும் சொல்லிற்று. அதைத் திருத்தச் சொன்னார்கள். மனசில்லாமல் திருத்தினேன்.

விடையைக் காகிதத்தில் கொண்டுவருவது அடுத்த கூத்து. கலர் பிரிண்டர் என்பது கேள்விப்பட்ட பொருள். அறையை இருட்டாக்கி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, திரையையே போட்டோ எடுத்து, ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து வாங்குவோம். பெரிய வரைபடம் வேண்டும் என்றால் 132 எழுத்து அகலமுள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான்: காட்டுக்கு எஃப், தண்ணீருக்கு டபிள்யூ, பாறைக்கு ஆர் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எழுத்தாக அது கீச்சுக் கீச்சென்று மலையைத் தட்டச்சு செய்யும். ஓரத்துத் துளைப் பட்டையைக் கிழித்து, பட்டை பட்டையாகப் பசை போட்டு ஒட்டி, தரையில் விரித்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகிரி வரைக்கும் அறை நிறையும். அப்புறம் எம்.எஸ்சி., எம்.டெக். படித்தவர்கள் எல்லோரும் மண்டியிட்டு, கேமல் கலர் பென்சிலால் எஃப் எல்லாம் பச்சை, டபிள்யூ எல்லாம் நீலம் என்று தீட்டுவோம். இந்தியாவின் தொலையுணர்வுத் தொழில்நுட்பத்தின் அந்தக் கட்டம் பெரும்பாலும் முழங்காலில் நடந்தது. நான் செய்த வேலைகளிலேயே எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்தது எது என்று கேட்டால், கூசாமல் இதைத்தான் சொல்வேன்: பிறந்த ஊரின் மலையை, ஒவ்வொரு ஏக்கர் முப்பது சென்ட்டாக, பென்சில் சீவிச் சீவிப் பச்சையடித்தது.

அந்தப் போட்டோ ஒன்றை ஊருக்கு எடுத்துப் போனேன். மில்லில் இருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னய்யா இது?”

“நம்ம மலைப்பா. சாட்டிலைட்ல இருந்து எடுத்தது.”

“மாடியில ஏறுனாத் தெரியுமே. சரி, ஏன் செவப்பா இருக்கு?”

இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும் என்றும், அதைத்தான் படத்தில் சிவப்பாகக் காட்டுகிறோம் என்றும், எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு என்றும் விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். “பச்சையா இருக்கிறதச் செவப்பாக்கி, பெறகு அது பச்சைதான்னு கண்டுபிடிக்கிறீக. அதுக்குச் சம்பளம்.” இன்றுவரை நான் கேட்ட திட்ட மதிப்பீடுகளில் இதைவிடச் சுருக்கமானது இல்லை. சம்பளம் என்று அவர் சொன்னது மட்டும் மிகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பயன்பாட்டுச் சான்றிதழ் டெல்லி போய்ச் சேர்ந்தால்தான் வரும்.

கம்ப்யூட்டர் சொல்வது சரிதானா என்று நேரில் போய்ப் பார்த்து வருவதற்கு ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்று பெயர். சர்வே ஆஃப் இந்தியாவின் 58ஜி வரிசை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, திசைகாட்டியும் நோட்டுமாக, சித்தப்பாவின் டி.வி.எஸ். 50ல் முடங்கியாறு ரோட்டில் போவேன். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அதற்கப்புறம் காடு. எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று காலடி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கையடக்க ஜி.பி.எஸ். வந்தது, ஆனால் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே அதில் பிழை கலந்து வைத்திருந்ததால் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும், அதாவது பக்கத்துப் புள்ளியில். 2000 மே மாதம் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் பிழையில்லாமல் இயங்கியது தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர்தான். “அய்யனாருக்கு வடக்க மூணாவது மருத மரத்துல இருந்து கெழக்க பாத்தா ஒரு பாழுங்கெணறு” என்பார். இருக்கும்.

நோட்டில் ‘அடர்ந்த கலப்பு இலையுதிர் காடு, ஓடை, பாறை’ என்று குறித்துவிட்டு, சட்டையைக் கழற்றி அதே ஓடையில் இறங்கிவிடுவேன். மத்தியானம் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் ஏதாவது ஒன்று கூப்பிட்டு, வாழையிலையில் புளிச்சோறு வைக்கும். அறிக்கையில் ‘களப்பணி’ என்று வந்த நாட்கள் இவை. வனத்துறை 1988லேயே அந்த மலையைச் சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆக்கியிருந்தது. அணில்களைப் பார்த்திருக்கிறேன், பூனை அளவுக்கு இருக்கும், நீளமான வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் திசைகாட்டியை அலட்சியமாகப் பார்க்கும்.

அப்புறம் எல்லோரையும்போல நானும் கம்பெனி வேலைக்குப் போனேன், சம்பளம் மாதாமாதம் வந்தது, சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இப்போது ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டேன். மாடியில் ஏறினால் மலை தெரிகிறது. அப்பா சொன்னது சரி.

அக்கா மகள் அதே மாடியில் உட்கார்ந்து, வேறொரு ஊரில் இருக்கிற பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வேலை பார்க்கிறாள். அந்த அறைக்குள் அவள் செருப்போடு போனாளா, கழற்றிவிட்டுப் போனாளா என்ற கேள்வியே இல்லை, அறைக்கே போனதில்லை. பதவி ‘ரிசர்ச் சாஃப்ட்வேர் என்ஜினியர்’. 2012ல் இங்கிலாந்தில் சில பேர் கூடி, ஆய்வகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பெயரே இல்லையே என்று வருத்தப்பட்டு வைத்த பெயராம் அது. ஜீப் ஓட்டியவருக்குக் கீழே இருந்தபோது எங்களுக்கு அந்த வருத்தம் தோன்றவே இல்லை பாருங்கள். அவள் எழுதும் நிரலுக்குத் தனி அடையாள எண் உண்டு. யாராவது எடுத்தாண்டால் மேற்கோள் காட்ட வேண்டும். பிரேசிலில் யாரோ நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கவலை.

அவளுடைய வேலையும் அதே மலைதான், வேறு துண்டுகளோடு சேர்த்து. ஐரோப்பாவின் சென்டினல்-2 அஞ்சு நாளைக்கு ஒருமுறை வந்து படமெடுத்துச் சும்மாவே கொடுக்கிறது. பத்து மீட்டர்ப் புள்ளி. கணக்குப் போட்டேன், பழக்கம் போகவில்லை: இரண்டரை சென்ட். அய்யனார் கோவிலைக் காட்டு என்றேன். காட்டினாள். மரக்கூட்டம், ஆற்றின் வளைவு, பாறை, எல்லாம் தெரிந்தன. என் ஆயுளில் செயற்கைக்கோளின் கண்ணுக்கு ஒரு புள்ளி ஒரு ஏக்கர் முப்பது சென்ட்டிலிருந்து இரண்டரை சென்ட்டாகச் சுருங்கியிருக்கிறது. அதே காலத்தில் முடங்கியாறு ரோட்டில் தோப்புகளும் அதே வேகத்தில் துண்டாகி, மனைக்கற்கள் நட்டு, ஏக்கர் பேசிய புரோக்கர்கள் சென்ட்டில் பேசக் கற்றுக்கொண்டார்கள். விஞ்ஞானமும் ரியல் எஸ்டேட்டும் ஒரே அளவுகோலில் வந்து நிற்பதைப் பார்த்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

நேரில் போகலாம் என்று கிளம்பினோம். செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள்; மலையில் மழை, ஆற்றில் வெள்ளம், யாருக்கும் அனுமதி இல்லை. 2021லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். கட்டுப்பாடு வேண்டியதுதான், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனவர்களின் செய்தியை நானும் படித்திருக்கிறேன். இருந்தாலும், வானத்திலிருந்து பார்க்க முடியாத காலத்தில் டி.வி.எஸ். 50ல் போய்க் குளித்த ஒருவன், இப்போது செக்போஸ்ட் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதே ஓடையைப் போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதில் புலிகளுக்குக்கூடக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நான் விடிய விடிய ஓட விட்ட கணக்கு அவளுக்கு ஒரே வரி. அதையும் அவள் எழுதுவதில்லை. தமிழில் கேட்டாலே எழுதிக் கொடுக்கிற இயந்திரம் வந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் நிறைய நேரம் மிச்சமாக வேண்டுமே என்று பார்த்தால், இல்லை. அவளுடைய பெரிய மாடல்கள் பல்கலைக்கழகத்துப் பொது ஜி.பி.யு.வில் இடம் கேட்டு வரிசையில் நிற்கின்றன, ‘பெண்டிங்’ என்று எழுதியிருக்கிறது, இரண்டு நாளாக. காத்திருப்பு அப்படியே இருக்கிறது. டீக்கடையும் வாட்ச்மேனும் சமன்பாட்டுக்காரரும்தான் காணாமல் போய்விட்டார்கள்.

போன மாதம் ஒருநாள் கேட்டாள்: “மாமா, நீங்க அப்ப நோட்டு ஏதோ எழுதுனீங்களாமே, அம்மா சொன்னாங்க. இருக்கா?”

விஷயம் என்னவென்றால், பழைய செயற்கைக்கோள் படங்கள் இன்று குவிந்து கிடக்கின்றன; அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972லிருந்து எடுத்ததை 2008ல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆனால் 1991ல் அந்தப் புள்ளியில் நிஜமாக என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அது தெரியாமல் மாடலுக்குப் பழைய காட்டைக் கற்றுக்கொடுக்க முடியாது. அன்றைக்குக் காலடி எண்ணிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கையெழுத்து வேண்டும்.

நோட்டு கிடைத்தது, ஓரம் கரையான் அரித்து. ஒட்டிய வரைபடத்தைத் தேடியபோதுதான், அம்மா சிக்கனமாக அதைச் சமையலறை அலமாரித் தட்டுகளுக்கு விரித்திருந்தது தெரிந்தது. பருப்பு டப்பாவுக்கு அடியில் சேத்தூர். புளிப்பானை இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையோடு மலைச்சரிவு. அக்கா மகள் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உயரே ஸ்டூலில் நின்று, நான் பச்சையடித்த எஃப்களைப் போனில் படமெடுத்தாள். “சூப்பர் மாமா, ரெசல்யூஷன் நல்லா இருக்கு” என்றாள். கேமல் பென்சில், சும்மாவா.

தரவு கொடுத்ததற்கு மதிப்பூதியம் உண்டு என்றார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் படிவம் வந்துவிட்டது. விதிப்படி மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்க வேண்டுமாம். வாங்காவிட்டால், இந்தப் பொருளை வேறு யாரும் விற்பதில்லை என்று சான்று தர வேண்டும். 1991ஆம் வருஷத்து அய்யனார் கோவில் காட்டுக்கு நான் மட்டுமே ஏக விநியோகஸ்தர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் டெல்லிக்குப் போயிருக்கிறதாம். இப்போதெல்லாம் ஆன்லைன், உடனே போய்விடுகிறது, திரும்பி வருவதுதான் தாமதம்.